வெயிலில் நிற்கிற மகனுக்கு

அன்புள்ள மகன் கரியப்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் இதுவரை உனக்கு எழுதி வந்திருக்கிறேன். இன்றைக்கு அந்த வார்த்தைகளை எழுதக் கை வரவில்லை. நீ நலமாக இல்லையோ என்ற பயம் நேற்று மத்தியானத்திலிருந்து என்னைப் பிடித்து ஆட்டுகிறது. காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவன் நீ என்பதால் வழக்கம்போல் எழுத்தைப் பெரிதாகவே போடுகிறேன். காகிதம் அதிகம் செலவாகும், ஆகட்டும். பாதி படித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடாதே. வெயிலில் நின்றும் படிக்காதே. நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து கடைசி வரை படி.

உன் கடிதம் வந்தபோது உன் அம்மா களத்தைச் சாணம் போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் ராகி அறுக்க வேண்டும். கையைக் கூடக் கழுவாமல், அங்கேயே நின்று வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். ஆற்றின் குறுக்கே அணை எவ்வளவு உயரம் எழும்பியிருக்கிறது, பாறைக்கு வெடி வைக்கும்போது எல்லாரும் எப்படி ஓடிப் பதுங்குகிறீர்கள், கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றெல்லாம் நீ எழுதியதைக் கேட்டு அவள் சிரித்தாள். மூன்றாவது பக்கத்தின் அடியில் போகிற போக்கில் நீ ஒன்று எழுதியிருந்தாய். இடது காதின் மேல் விளிம்பில் சின்னப் புண் ஒன்று இருக்கிறது, பொருக்கு உதிர்கிறது, மறுபடி கட்டுகிறது, தீபாவளிக்கு முன்னாலிருந்தே இப்படித்தான், தேங்காயெண்ணெய் போடுகிறேன், கவலைப்பட ஒன்றுமில்லை என்று. அதை நான் வாசிக்கவில்லை. தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். ஆனால் தாண்டுவதற்கு முன்னால் என் குரல் ஒரு கணம் நின்றுவிட்டது போலிருக்கிறது. உன் அம்மா சும்மா இருப்பாளா?

"நடுவுல என்னாத்தையோ முழுங்கிட்டீங்க" என்றாள். எழுத்து சரியாகப் புரியவில்லை என்று சொன்னேன். படிக்கத் தெரியாத எனக்கே இத்தனை பெரிசாகத் தெரிகிற எழுத்து உங்களுக்குப் புரியவில்லையா என்று கேட்டுவிட்டு, சாணி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.  அதிலிருந்து நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்றிலிருந்து அந்த வரியைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். தீபாவளிக்கு முன்னாலிருந்து என்றால் என்ன கணக்கு? ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி போய்விட்டது. எத்தனை வாரம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறேன், எண்ணிக்கை குறைய மாட்டேன் என்கிறது.

அதே கடிதத்தில் இன்னொரு சமாசாரமும் எழுதியிருக்கிறாய். சிமெண்ட் ஷெட்டில் இருந்த வேலையிலிருந்து உன்னை மாற்றி, ஓவர்சியரோடு அளவுக்கோல் பிடிக்கப் போட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெட்டவெளியில், அவர் அளவுக் கருவியின் கண்ணாடி வழியாகப் பார்த்து முடிக்கும் வரை கோலைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நிற்கிற வேலை. அதை நீ சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். நான் தைத்துக் கொடுத்த காக்கிச் சட்டையைப் பார்த்து உடன் வேலை செய்கிறவர்கள் போலீஸ், போலீஸ் என்று கேலி பண்ணியதால் அதைப் பெட்டியில் போட்டுவிட்டாயாம். கிருஷ்ணகிரி சந்தையில் மெல்லிசான வெள்ளை மல் சட்டை இரண்டு வாங்கிக்கொண்டாயாம். கையை மடித்துவிட்டுக்கொள்கிறாயாம். அதோடு கொடுத்த தொப்பி எங்கே போயிற்று என்றே நீ எழுதவில்லை. 'இப்போது எல்லாரையும் போல இருக்கிறேன் அப்பா' என்று முடித்திருக்கிறாய். இருபத்துநான்கு வயதில் ஒரு பிள்ளை அப்படி எழுதினால் பெற்றவனுக்கு நெஞ்சு குளிர வேண்டும். எனக்குக் குளிரவில்லை. எல்லாரையும் போல இருக்க வேண்டும் என்ற ஆசையை உன் மண்டையில் ஏற்றியவன் நான்தான். உனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே ஏற்றிவிட்டேன். அந்தக் கதையை உன்னிடம் யாரும் முழுக்கச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவன் நானாக இருக்கும்போது மற்றவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

நீ பிறந்தபோது உன் தலைமுடி வெள்ளைச் சோளக் கதிரின் நுனி மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் அப்போதுதான் தோல் உரித்தது போல இளஞ்சிவப்பு. இமைமுடிகூட வெள்ளை. நிறமே இல்லாமல் பிறக்கிற பிள்ளைகள் எந்த ஜாதியிலும் எந்த நாட்டிலும் பிறக்கிறார்கள் என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு யாருக்குத் தெரிந்தது? தேன்கனிக்கோட்டைச் சந்தை வரைக்கும் பேச்சுப் போயிற்று. துரை பிறந்திருக்கிறான் என்றார்கள். அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி வேறு. ஒன்றிரண்டு பேர் உன் அம்மாவைப் பற்றியே வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அவர்களை நான் ஓங்கி அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. காதில் விழாதது போலத் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்த கோபத்தையெல்லாம் உன் நிறத்தின் மேல் வைத்தேன். அதை மாற்றிக் காட்டுகிறேன் பார் என்று எனக்குள் ஒரு வீம்பு.

நம் பக்கத்தில் கைப்பிள்ளைக்கு விளக்கெண்ணெய் தடவி இளவெயிலில் கிடத்துவது எல்லா வீட்டிலும் உண்டு. வெயில் பட்டால் உடம்பு உரம் பெறும், நிறமும் ஏறும் என்பார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மற்ற பிள்ளைகள் இளவெயிலில் கால் நாழிகை கிடந்தால் உன்னை உச்சிவெயில் வரை வைத்தேன். உனக்கு நான்கு வயதானபோது இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி, உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, கொள்ளுக் களத்தில் கொண்டுபோய் நிறுத்துவேன். காட்டில் வேலை செய்து நாங்கள் எல்லாம் கறுத்துத்தானே போயிருக்கிறோம், இவன் மட்டும் எப்படிக் கறுக்காமல் இருப்பான் என்பது என் கணக்கு. நீ கண்ணைத் திறக்க முடியாமல் சுருக்கிக்கொண்டு நிற்பாய். அழுவாய். உன் அம்மா கெஞ்சுவாள். அவளை அதட்டி உள்ளே அனுப்புவேன். எண்ணெய் பூசிய உடம்பு வெயிலில் பொரிந்துதான் போகும் என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். எட்டாவது வரை படித்த எனக்குத் தெரியவில்லை.

ஆடு மேய்க்கும் மல்லய்யாவை உனக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம். ஜவளகிரிக் காட்டோரத்திலிருந்து செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வந்து நம் ராகிக் காட்டில் எருவுக்காகக் கிடை போடுவான். கன்னடம்தான் அவன் பாஷை, நம்மோடு பேச அதில் பாதி தமிழைக் கலந்துகொள்வான். வெயிலோ மழையோ, கறுப்புக் கம்பளியை நடுவில் மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு, தலையிலிருந்து முழங்கால் வரை மூடித்தான் நிற்பான். இந்த வெயிலில் கம்பளியா, பைத்தியக்காரன் என்று நானே பல தடவை சிரித்திருக்கிறேன். ஒருநாள் உன்னைக் களத்தில் நிறுத்திவிட்டு ஏற்றம் இறைக்கப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் உன்னைக் காணோம். வேலியோரம் அவன் உட்கார்ந்திருந்தான். அவன் கம்பளிக்குள்ளிருந்து உன் இரண்டு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். ஆட்டுக்காரன் கம்பளிக்குள் என் பிள்ளையா என்ற திமிர் எனக்கு. கம்பளியைப் பிடுங்கி முள் வேலி மேல் எறிந்தேன். அவனை வாயில் வந்தபடி ஏசினேன்.  அவன் எழுந்து, முள்ளிலிருந்து கம்பளியை நிதானமாக எடுத்துக்கொண்டு, குழந்தையை அவன் பாஷையில் மகு என்பான், அந்த வார்த்தையைப் போட்டுத்தான் சொன்னான்.

"ஆட்டுக்காச்சும் மேல ரோமம் இருக்குது எஜமான். இந்த மகுவுக்கு மேல ஒண்ணுமே இல்லயே."

அன்று சாயங்காலம் உன் தோளும் முதுகும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பின. மூன்று நாள் குப்புறப் படுத்துக் கிடந்தாய். உன் அம்மா கற்றாழைச் சோற்றை எடுத்து வைத்து விசிறிக்கொண்டே இருந்தாள். அத்தோடு அந்தப் பைத்தியக்காரத்தனத்தை விட்டேன். ஆனால் மல்லய்யாவிடம் போய், நீ சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை. அடுத்த வருஷம் அவன் நம் காட்டுக்குக் கிடை போட வரவும் இல்லை. அவனிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொள்ளாமல், நானாக ஒரு யோசனை பண்ணினேன். வெள்ளைத் துணிதான் வெயிலுக்குக் குளிர்ச்சி, மெல்லிசுத் துணிதான் காற்றாட இருக்கும் என்று உனக்கு வெள்ளை மல்லில் சட்டை தைத்துப் போட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் காட்டுக்கும் அதுதான். நம் மலைநாட்டுக் காற்று ஜில்லென்றுதானே இருக்கிறது, இங்கே என்ன பெரிய வெயில் என்ற அலட்சியமும் சேர்ந்துகொண்டது. உனக்கு வேர்க்கவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. பதினைந்து வருஷம் அப்படியே ஓடிற்று.

பத்தொன்பது வயதில் உன் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே வந்ததே, அது முதலில் கொசுக்கடி போலத்தான் இருந்தது. நீ சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாய் என்று நான் திட்டினேன். இரண்டு மாதம் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினோம். அது ஆறுவது போலக் காட்டும், பொருக்கு விழும், அடியில் ஈரமாகவே இருக்கும். ஓரம் மட்டும் தடித்துக்கொண்டு வந்தது. கடைசியில் ஓசூர் போய், அங்கிருந்து பெங்களூர் பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீ மயக்கத்தில் கிடந்ததால் அங்கே நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வெட்டி எடுத்துத் தையல் போட்டார்கள். பதினோரு நாள் இருந்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ கேட்டாய், அது என்ன அப்பா என்று. வெயில் கட்டி என்றேன். இனி வராது என்றேன். நீ நம்பினாய்.

அது கட்டி இல்லை, தம்பி. புற்று.

இந்த வார்த்தையை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். இப்போதும் அழித்துவிடலாமா என்றுதான் தோன்றுகிறது. அழிக்க மாட்டேன். அந்த டாக்டர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டுத்தான் சொன்னார். வயதானவர், கன்னடக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். இந்தத் தடவை முழுக்க எடுத்தாயிற்று, பயமில்லை, ஆனால் இந்தத் தோலில் மறுபடி வேறு இடத்தில் வரக்கூடும் என்றார். காது, மூக்கு, உதடு, கழுத்து, புறங்கை இவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மூன்று வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் பச்சிலை கட்டிக்கொண்டு நாளைக் கடத்தாமல் உடனே அழைத்து வர வேண்டும், சீக்கிரம் வந்தால் சின்னக் கத்தியோடு போய்விடும் என்றார். பையனிடம் சொல்ல வேண்டாம் என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. காரணம் தெரியாதவன் எதற்காக ஜாக்கிரதையாக இருப்பான் என்று கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உன் ஆயுசு முழுக்க உன் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு வரப்போகிறவன் போல.

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை இப்போது உனக்கு அப்படியே எழுதுகிறேன். சட்டம் போட்டேனே ஒழியக் காரணம் சொன்னதில்லை நான். வானவில்லில் ஊதா நிறத்தோடு நம் கண்ணுக்கு வெளிச்சம் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பாலும் சூரியனிலிருந்து ஒரு கதிர் வருகிறதாம். அல்ட்ரா வயலட் என்று இங்கிலீஷில் சொல்லி, மருந்துச் சீட்டின் பின்னால் எழுதியும் கொடுத்தார். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குச் சூடும் கிடையாது. நமக்குச் சுடுவது வேறு, தோலைக் கெடுப்பது இது. அதனால்தான் மேகம் போட்ட நாளிலும், நம் ஊர் மாதிரி ஜில்லென்று காற்று அடிக்கிற இடத்திலும், சுடவில்லையே என்று நம்பி நிற்கிறவன் ஏமாந்து போகிறான். எங்கள் தோலில் இருக்கிற கறுப்பு அந்தக் கதிரை உள்ளே விடாமல் தடுக்கிறது. உன் தோலில் அந்தச் சரக்கு இல்லை. எத்தனை வருஷம் வெயிலில் நிறுத்தினாலும் அது ஊறாது, தோல்தான் நாசமாகும் என்றார். அவர் அதைச் சொன்னபோது எண்ணெய் பூசி உன்னைக் களத்தில் நிறுத்தியதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது உன்னிடம் சொல்லிவிட்டேன்.

அப்புறம் அவர் என் தோளிலிருந்த மல் துண்டை எடுத்து ஜன்னலுக்கு நேரே விரித்துப் பிடித்தார். பின்னால் தன் கையை வைத்து, விரல் தெரிகிறதா என்று கேட்டார். ஐந்து விரலும் தெரிந்தன. வெளிச்சம் நுழைகிற சந்தில் எல்லாம் அதுவும் நுழையும் என்றார். வராந்தாவில் நின்ற பியூனைக் கூப்பிட்டு அவன் காக்கிக் கோட்டைக் கழற்றச் சொல்லி, அதையும் அப்படியே பிடித்துக் காட்டினார். கை இருந்ததே தெரியவில்லை. உங்களுக்குக் கடவுள் தோலோடு வைத்துக் கொடுத்ததை இவன் கடையில் வாங்கி மேலே போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். அந்த நிமிஷத்தில் எனக்கு மல்லய்யாவின் கம்பளிதான் கண் முன்னால் வந்தது. நெருக்கமாக நெய்தது, தடிப்பானது, கறுப்பு. பெங்களூர் டாக்டர் படித்துத் தெரிந்துகொண்டதை ஓர் ஆட்டுக்காரன் பதினைந்து வருஷத்துக்கு முன்னாலேயே என் பிள்ளைக்குச் செய்திருக்கிறான். அதை நான் முள்ளில் எறிந்திருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் தேன்கனிக்கோட்டை டைலரிடம் போய்க் தடித்த காக்கி டிரில் துணியில் மூன்றும், கருநீலத்தில் இரண்டுமாகச் சட்டை தைக்கச் சொன்னேன். மணிக்கட்டைத் தாண்டி வரும் கை, கழுத்து வரை பொத்தான், தூக்கிவிட்டால் காதைத் தொடுகிற காலர். தொப்பிக்குப் பின்னால் கழுத்தையும் காதையும் மூட ஒரு தொங்கல். கல்யாண வயசுப் பையனுக்கு ஜெயில் வார்டன் உடுப்பா என்று அவன் சண்டைக்கே வந்துவிட்டான். சொன்னதைச் செய் என்று கத்தினேன். உனக்கும் அதே கத்தல்தான். ஏன் என்று நீ கேட்டபோதெல்லாம், போடு என்றால் போடு என்றேன். தோல் சுருங்கிவிடும் என்று ஏதோ ஒரு காரணத்தை அவிழ்த்துவிட்டேன். தோல் சுருங்குவதற்கா ஒரு வாலிபன் பயப்படுவான்? வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துவிடுகிற சாக்கில் உன் காதுமடலையும் பிடரியையும் வகிட்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். வளர்ந்த பிள்ளைக்கு இவர் எதற்கு எண்ணெய் தேய்க்கிறார் என்று உன் அம்மா கேலி செய்வாள். அணை வேலைக்கு நீ புறப்பட்டபோது, ஷெட்டுக்குள் உட்காருகிற வேலைதானே என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன். எட்டு மாதமாக உன் காதை யாரும் பார்க்கவில்லை. உன்னாலும் பார்க்க முடியாது, உன் கண் அப்படி.

ஆகவே, இனி யாருக்காகவும் அந்தச் சட்டையைக் கழற்றாதே. மல் சட்டை இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிடு. புதுத் துணி எடுத்தால் இரண்டு தடவை நனைத்துச் சுருங்கவிட்டு அப்புறம் தைக்கக் கொடு. சுருங்கினால் இழை நெருங்கும், சந்து அடைபடும். துவைத்துத் துவைத்து நைந்துபோன சட்டையை மிச்சம் பிடிக்காதே. ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார், உன் கண்ணுக்கே வெளிச்சம் தெரிகிறதென்றால் அது போதாது. உடம்போடு ஒட்டாமல் தொளதொளவென்று இருக்கட்டும். தண்ணீரில் இறங்கி நனைந்தால் உடனே மாற்று, ஈரமான பருத்தித் துணி அந்தக் கதிரை இன்னும் அதிகமாக உள்ளே விடும் என்றார் டாக்டர். தொப்பி இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பாதே. உன்னைச் சுற்றி வெள்ளைக் கல்பொடியும், சுண்ணாம்பும், தேங்கி நிற்கும் தண்ணீரும்தான். வெயில் மேலேயிருந்து மட்டும் வராது, கீழேயிருந்தும் எகிறி முகவாயில் அடிக்கும். உன்னைப் பார்த்துப் போலீஸ் என்று சிரிக்கிறவர்களிடம் நீயும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போ. ஓவர்சியரிடம் உள்ளதைச் சொல். பழையபடி ஷெட்டில் போடச் சொல். அவர் முடியாது என்றால் வேலையை விட்டுவிடு. வேலை போனால் போகட்டும். நிஜமாகத்தான் சொல்கிறேன், கோபத்தில் சொல்லவில்லை.

ஆனால் இதெல்லாம் அப்புறம். முதலில் அந்தக் காது. தேங்காயெண்ணெயை நிறுத்து. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறி ஓசூருக்கு வா. நான் வந்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், அங்கிருந்து பெங்களூர் போவோம். நானே அங்கே வந்திருப்பேன். ஆனால் ராகி கதிர் முற்றி நிற்கிறது. யானை இறங்க ஆரம்பித்துவிட்டது. போன வாரம் பக்கத்துக் காட்டில் பாதிக்கு மேல் மிதித்துப் போட்டுவிட்டது. பரணில் ஆள் இல்லாவிட்டால் நம் காட்டில் ஒரு கதிர் மிஞ்சாது. நீ வந்துவிடுவாய்தானே? பயப்படாதே என்று எழுத வேண்டும் போலிருக்கிறது. எனக்கே பயம் தாங்கவில்லை, உனக்கு எப்படி அதை எழுதுவேன்? டாக்டர் சொன்னது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் வந்தால் சின்னக் கத்தியோடு போய்விடும். அது வெறும் புண்ணாகவே இருக்கலாம், வெறும் வெயில் பொசுக்கலாகவும் இருக்கலாம். அதை டாக்டர் சொல்லட்டும், நாம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இதுவரை எழுதிவிட்டு, உறையில் போடுவதற்கு முன் உன் அம்மாவைக் கூப்பிட்டேன். உன் கடிதத்தில் நான் தாண்டிய வரியை முதலில் வாசித்துக் காட்டினேன். பிறகு இந்தக் கடிதத்தை, மேலே இருக்கிற முதல் வரியிலிருந்து, ஒன்றையும் விடாமல் வாசித்தேன். புற்று என்ற இடத்தில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளிடமும் நான் இத்தனை நாள் கட்டி என்றுதானே சொல்லி வந்தேன். வாசித்து முடித்தேன். என்னைத் திட்டுவாள், தலையில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அஞ்சு வருசமா ஒருத்தராவே சொமந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம் என்றேன். உள்ளே எழுந்து போனாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தேன். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. மாற்றுப் புடவையையும் என் வேட்டியையும் பையில் திணித்துக்கொண்டு வந்து நின்றாள். கடிதத்தைத் தபாலில் போட்டால் அவன் கைக்குப் போய், அவன் லீவு கேட்டு, புறப்பட்டு வருவதற்குள் இன்னும் ஒரு வாரம் ஓடிவிடும், இருக்கிற நாள் போதாதா என்றாள். காட்டை யார் காப்பது என்று கேட்டேன்.

"ஆன தின்னா தின்னுட்டுப் போவுது. எந்திரிங்க."

அதனால் தம்பி, இந்தக் கடிதம் தபாலில் வராது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் புறப்படுகிறோம். நேரில் வருகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்கலாம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இவற்றில் ஒரு வரிகூட என் வாயிலிருந்து வராது. கிட்டே வந்ததும், சாப்பிட்டாயா என்று கேட்பேன், கேன்டீன் சாம்பாரைக் கேலி செய்வேன், இன்னொரு பொய்யைச் சொல்லிச் சமாளித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் இதை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வேன். நீ படித்து முடிக்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் பேச மாட்டோம். உன் அம்மா உனக்கு இடது பக்கமாக உட்காருவாள்.

நீ இந்த வரிக்கு வருவதற்குள் அவள் உன் காதைப் பார்த்திருப்பாள். தலையை நிமிர்த்து, கண்ணு. புறப்படலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா